பேசவும்

மத்தியானம் இரண்டே காலுக்கு ப்ரிவியூ அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியபோது வசுமதிக்கு உலகத்தின்மேல் பெரிதாகப் புகார் எதுவும் இல்லை. தயிர்சாதமும் மாவடுவும் வயிற்றில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தன, வெளியே சித்திரை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க உள்ளே ஏசி பதினெட்டில் ஓடியது, நாற்காலிக்கு எல்லாச் சக்கரமும் சரியாக இருந்தது, இந்தக் கட்டடத்தில் எல்லாச் சக்கரமும் உருளும் நாற்காலி நிலைய இயக்குநருக்கு அடுத்தபடி இந்த அறையில்தான் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி நிலையம். எது ஒளிபரப்பாவதற்கும் முன்னால் ஓர் அதிகாரி தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்து, இதனால் யார் மனமும் புண்படாது என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். நெல்லுக்கு உரம், தோடி ஆலாபனை, கண்புரை பற்றி டாக்டர் பேட்டி, யார் மனமும் புண்பட்டதில்லை, சிலருக்குத் தூக்கம் வந்திருக்கலாம். இன்றைக்கு மேசைமேல் கிடந்த தாள் வேறு மாதிரி. நகைச்சுவைத் தொடர், பெயர் 'மேற்படி நிலையம்', முதல் பகுதி, இருபத்திரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இதே மாதிரி ஒரு நிலையத்தின் நிர்வாகத்தை இந்த நிலையமே கிண்டல் செய்யும் கதை. வெளியாள் எழுதியது என்பதால் இரண்டு அதிகாரிகள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் அதிகாரிக்கான கட்டத்தில் பதினான்காம் அறைப் பத்மலோசனி நேற்றே பார்த்துவிட்டுத் தன் குண்டு குண்டான எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். பேசவும். அதாவது, எழுத்தில் எதுவும் சொல்ல மாட்டேன், நேரில் வா பார்த்துக்கொள்ளலாம். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. பத்மா இந்த நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு. இரண்டாம் அதிகாரிக்கான கட்டம் காலியாக இருந்தது. அதில் வசுமதி எழுதப்போவதுதான் இனிமேல் தீர்ப்பு.

பொத்தானை அழுத்தினாள். எழுத்துகள் ஓடின. எழுத்தும் இயக்கமும் இளம்பரிதி. அவன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வரும்போது பார்த்தாள், எழுந்து நின்று "வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா" என்றான், காதோரம் நரைத்திருந்தது, நாற்பது இருக்கும். ஒன்பது வருஷம் இங்கேயே தற்காலிக ஆளாகக் கிடந்தவன். மாதத்துக்கு ஆறு நாள்தான் கூப்பிடுவார்கள், ஏழாவது நாள் கூப்பிட்டால் நிரந்தர வேலை கேட்டு வழக்குப் போட்டுவிடுவான் என்று நிர்வாகத்துக்குப் பயம். அவன் வழக்குப் போடவில்லை, நாடகம் போட்டிருக்கிறான். நிலையம் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கக் கற்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து போன வருஷம் சுற்றறிக்கை வந்தது, எந்த மட்டம் வரைக்கும் சிரிக்கலாம் என்று கேட்டு இங்கிருந்து கடிதம் போனது, பதில் வருவதற்குள் தொடர் தயாராகிவிட்டது. சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒளிபரப்பு. இன்றைக்கு நான்கு மணிக்குள் தாள் கையெழுத்தாகிப் போகாவிட்டால் அந்த நேரத்துக்குக் குற்றால அருவி. அருவிப் படம் எப்போதும் தயாராக இருக்கும், எத்தனையோ பேருடைய உழைப்பின்மேல் விழுந்த அருவி அது. ஒரு தடவை அருவி விழுந்தால் தொடர் அவ்வளவுதான், அப்புறம் அதைத் தூக்கி நிறுத்த ஆள் கிடையாது, அவனுக்கு இதுதான் முதல் தொடர். கையெழுத்துப் போட்டால்? காலையில் லிஃப்டில் நிலைய இயக்குநர் சந்தானகோபாலன் இரண்டாவது மாடியில் கதவு திறக்கும் நேரம் பார்த்து, "அந்தத் தொடர் இன்னிக்கு உங்ககிட்டதானே? நீங்க பாத்துப்பீங்க, எனக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் அவருக்கு? பார்த்துப்பீங்க என்றால் நிறுத்திவிடுவீங்க என்றுதான் இந்தக் கட்டடத்தில் அர்த்தம். நாளைக்குத் தலைமையகத்திலிருந்து யாராவது குதித்தால் தாளில் இருக்கப்போவது வசுமதியின் கையெழுத்து ஒன்றுதான். ஓய்வுக்குப் பதினோரு மாதம். ஒரு மெமோ வந்தால் போதும், ஓய்வுக் கோப்பு சிவப்பு நாடாவோடு எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும். இந்தப் பயம் காலையிலிருந்தே இருக்கிறது, ஆனால் தயிர்சாதத்துக்குப் பிறகு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டிருந்தது.

திரையில் செய்தி ஸ்டுடியோ. சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது, அதை யார் சரிசெய்வது என்பதுதான் கதை. கடிகாரம் என்ஜினீயரிங் பிரிவின் சொத்து என்கிறது நிர்வாகம், சுவர் நிர்வாகத்தின் சொத்து என்கிறது என்ஜினீயரிங், ஆணி யாருடையது என்று ஒரு துணைக்குழு. வசுமதி தாடையைக் கையில் தாங்கிக்கொண்டாள். இது நடந்தது. கடிகாரமாக இல்லை, வாசல் மணியாக நடந்தது, தொண்ணூற்றெட்டிலா ஒன்பதிலா, அப்போது மூத்தவள் வயிற்றில், மசக்கையில் ஆணியின் இரும்பு வாசனைகூட அவளுக்கு ஆகவில்லை. திரையில் நிலைய இயக்குநர் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார், "ஒரு கமிட்டி போட்டுடலாமே" என்றார். அடப்பாவி. சந்தானகோபாலனை அச்சில் வார்த்து வைத்திருக்கிறான். புதுக் கேமராவுக்குத் தூசு படியும் என்று உறையையே கழற்றாத என்ஜினீயர், கூட்டத்துக்கு எத்தனை பஜ்ஜி என்று கூட்டம் முடியும்வரை யோசிக்கிற நிர்வாக அதிகாரி, ஒவ்வொருவராக வரவர அவள் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே உருட்டிக்கொண்டாள். எல்லாரும் வருகிறார்கள் என்றால் நானும் வருவேன். எப்படி வருவேன்? புடவை என்ன கலர்? யார் நடிக்கிறார்கள்? சனிக்கிழமை எட்டு மணிக்கு அம்பத்தூர் வீட்டில் அவள் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார், பெங்களூரிலிருந்து மூத்தவள் போன் செய்வாள், அம்மா இது நீதானே. வீட்டில் ஒருமுறைகூட அவளைப் பற்றி யாரும் சிரித்ததில்லை, சிரிக்க அவளிடம் என்ன இருக்கிறது. பதினோரு மாதம் கழித்து வழியனுப்பு விழாவில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு இப்போதே தெரியும். வசுமதி மேடம் ரொம்ப அமைதி, யார்கிட்டயும் சண்டைக்கே போனதில்ல. சால்வை. போட்டோ. முப்பத்திரண்டு வருஷத்துக்கு அது போதுமா என்று கேட்டால், போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், டிரைவிங் கற்றுக்கொள்ள வேண்டும், மொட்டைமாடியில் இரண்டு தொட்டி முல்லை வைக்க வேண்டும், காலையில் ஏழு மணிவரை தூங்க வேண்டும். கெட்ட வாழ்க்கை இல்லை. யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் பட்ட முந்தானை மாதிரி ஒரு கணம் மாட்டியது, அவள் அதை மெதுவாக எடுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

இன்டர்காம் அடித்தது. படத்தை நிறுத்தினாள், திரையில் இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தபடி அப்படியே நின்றார். போனில் அசல் இயக்குநர். "வசுமதி, முடிஞ்சுதா?" என்றார். பாதிதான் சார் என்றாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். அதுல வர்ற டைரக்டர் அப்படியே நம்ம பழைய டைரக்டர்தானாமே? பத்மலோசனி சொன்னாங்க." வசுமதி திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "ஆமா சார், கொஞ்சம் அவர் மாதிரி இருக்கு" என்றாள். பின்னணியில் ஏதோ துணி உரசும் சத்தம், துடைக்கிறார் போலிருக்கிறது. "மனுஷன் பாத்தா செத்தே போயிருவார்" என்று சந்தோஷமாகச் சொன்னார், உடனே குரல் மாறியது, "இருந்தாலும் நிலையத்துக்குன்னு ஒரு மதிப்பு இருக்கில்ல, பாத்துக்குங்க." வைத்துவிட்டார். வசுமதி போனைக் கையில் வைத்துக்கொண்டே தனியாகச் சிரித்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரன் என்பார்கள் சிலர். பாவம், நல்ல மனுஷர்தான், தீபாவளிக்குக் கடைநிலை ஊழியர்களுக்குத் தன் கையால் இனிப்புக் கொடுப்பார், எதையும் முடிவு செய்யச் சொல்லாதவரை அவரைப்போல ஒருவர் கிடையாது.

மறுபடி ஓடவிட்டாள். பதிமூன்றாவது நிமிடத்தில் கமலவேணி மேடம் வந்தாள். ஐம்பது தாண்டியவள், மெலிந்த கழுத்து, கஞ்சி போட்ட காட்டன் புடவை, முகத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு புன்னகை. கடிகாரக் கோப்பு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவளிடம் வருகிறது, ஒரு கையெழுத்துப் போட்டால் கடிகாரம் சரியாகிவிடும். கமலவேணி கோப்பைத் திறக்கிறாள், கடைசிவரை படிக்கிறாள், ரொம்ப நல்ல யோசனை என்று கோப்பைப் பார்த்துத் தலையாட்டுகிறாள், ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறாள், பேனாவை எடுத்துப் பேசவும் என்று எழுதிக் கோப்பை அனுப்பிவிடுகிறாள். கடிகாரத்துக்காரன் பேசுவதற்கு ஓடி வருகிறான். அறையில் மின்விசிறி ஓடுகிறது, மேசைமேல் கைப்பை இருக்கிறது, மேடம் இல்லை. மறுநாள் வருகிறான். மின்விசிறி, கைப்பை. மூன்றாம் நாள் அவன் கைப்பைக்கு வணக்கம் வைத்து, கைப்பையிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, கைப்பையிடம் விடைபெற்றுக்கொண்டு போகிறான். வசுமதிக்கு அடக்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது, நாற்காலி சக்கரத்தில் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டது. பத்மா, பத்மலோசனியேதான். அந்தக் கைப்பையைக்கூட விடவில்லை பாவி. தன்னையே இப்படி உரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் உறைக்காமல் இந்தத் தாளிலும் போய்ப் பேசவும் என்று எழுதியிருக்கிறாளே, இவளை என்ன சொல்வது. இளம்பரிதியிடம் இவ்வளவு குறும்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், இங்கே இருந்த காலத்தில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பான், கேபிளைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பான். ஒரே ஒரு தடவை அவளிடம் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தான். குழந்தைகள் நிகழ்ச்சி. பதினோரு வருஷம் இருக்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது, வீட்டில் போய் அவரிடம்கூடச் சொன்னாள், இன்னிக்கு ஒரு பையன் ஒண்ணு எழுதிக் கொடுத்தான் பாருங்க. அப்புறம் அது என்ன ஆயிற்று? அவன் வந்து பேசவே இல்லை. வந்திருந்தால் செய்திருக்கலாம். பயல்களுக்கு ஒரு விடாப்பிடி வேண்டாமா, எழுதிக் கொடுத்தால் போதுமா, பின்னாலேயே வந்து நின்று பேச வேண்டாமா. அவன் வந்து பேசவே இல்லை. இரண்டு தடவை நினைத்துவிட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. ஏசி கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தது.

கதை முடிந்தது. கடிகாரத்தைத் திருத்த முடியாததால் செய்தியையே நான்கு நிமிடம் தள்ளி வைப்பது என்று கமிட்டி முடிவு செய்கிறது, எல்லாரும் கைதட்டிப் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். திரை கறுத்தது, அதில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. நான் வரவில்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. எழுந்து சோம்பல் முறித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அப்பாடா அரை நிமிடம்கூட நிற்கவில்லை, அதன் காலடியிலிருந்து சின்னதாக ஒரு வலி கிளம்பியது. பஜ்ஜிக்காரர்கூட வந்துவிட்டார். ஒன்பது வருஷம் இதே வராந்தாவில் நடந்தவனுக்கு ஒரு காட்சிக்குக்கூட நான் ஞாபகம் வரவில்லையா? நாற்காலிக்குப் பின்னால் நடந்துபோகிற ஆளாகவாவது? சிரித்துவிட்டுப் போகட்டுமே, சிரிக்கவாவது இருந்தேன் என்று இருக்குமே. சீச்சீ, என்ன நினைப்பு, வராததுக்குத் திருப்பதிக்கு முடிந்து வைக்க வேண்டும். தொடர் நன்றாக இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த அறையில் உட்கார்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். அருவியை விட வேண்டிய படம் இல்லை இது. ஆனால் இயக்குநர் பார்த்துக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் பதினோரு மாதம். ஆனால் பையன் வெளியே இருக்கிறான். ஆனால் கையெழுத்து என்னுடையது மட்டும்தான் இருக்கும், பத்மா நழுவிவிட்டாள். ஆகவே இதற்கு ஒரு வழி வேண்டும், யார் மனமும் புண்படாத வழி. வழி கிடைத்தது. அது எப்போதும் கிடைக்கும், தேடவே வேண்டியதில்லை, கை அதுவாகவே போகும். படம் நன்றாக இருக்கிறது என்று தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள், பேனாவைத் திறந்தாள், இரண்டாம் அதிகாரிக்கான கட்டத்தில் தன் மெலிந்த சாய்வெழுத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல காரியம் செய்தால் வருகிற அதே நிம்மதி. மேலே குண்டெழுத்தில் பேசவும். கீழே சாய்வெழுத்தில் பேசவும். மூடியைத் திருகி மூடினாள், தாளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்பு சட்டென்று காதுவரை சுட்டது. மெலிந்த கழுத்து, கஞ்சி போட்ட காட்டன், எல்லாருக்கும் ஒரே புன்னகை. பத்மா எந்தக் காலத்தில் காட்டன் கட்டினாள்? அவளுக்குப் பட்டு, குறைந்தபட்சம் பூனம். நல்ல யோசனை என்று கோப்பிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆளிடம் சொல்லாமல் அனுப்புவது யார்? அந்தக் குழந்தைகள் திட்டத்தின் ஓரத்தில் நான் என்ன எழுதினேன்? வீட்டில் போய்ப் புகழ்ந்தேன். தாளில் என்ன எழுதினேன்? அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, இத்தனை நாளும் இருந்தது, அதைச் சுற்றிச் சுற்றி வந்து அந்த வார்த்தையில் மட்டும் கால் படாமல் நடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவே, அதுதான் அவளுக்கே ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வந்திருக்கிறேன். இருக்கிறதிலேயே நல்ல காட்சி என்னுடையதுதான்.

எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்தால் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும் என்பது விதி, போட்டாள். கீழே, வெட்டு எதுவும் இல்லாமல் ஒளிபரப்பலாம் என்று எழுதி முழுப் பெயரோடு கையெழுத்திட்டுத் தேதி போட்டாள். மெமோ வந்தால் வரட்டும் என்று நினைக்குமளவு அவள் வீராங்கனை இல்லை, வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் நினைத்தாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "உள்ள வா பரிதி" என்றாள். அவன் உள்ளே வந்து தாளை வாங்கினான். மேலிருந்து கீழே படித்தான். அடித்திருந்த வார்த்தையில் அவன் கண் நின்றது, அப்புறம் கையெழுத்துக்கு இறங்கியது, மறுபடி அடித்திருந்த வார்த்தைக்கு ஏறியது.

"நாந்தானா அது?" என்றாள் வசுமதி.

"யாரு மேடம்?"

"நடிக்காதப்பா. அந்தக் கமலவேணி."

இளம்பரிதி தாளை மடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். "கோவமா மேடம்?"

"கோவமெல்லாம் இல்ல. பத்மலோசனின்னு நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நேத்து அவங்களும் சிரிச்சாங்க மேடம், வெளிய பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. வரும்போது, நம்ம வசுமதிய அப்படியே உரிச்சு வச்சிருக்கியேப்பான்னு சொல்லிட்டுப் போனாங்க."

வசுமதி மறுபடி சிரித்துவிட்டாள், இந்தத் தடவை தலைப்பை வாயில் அடைத்துக்கொள்ளவில்லை. அவனும் சிரித்தான். சிரிப்பு ஓய்ந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ ஒரு பிள்ளைங்க நிகழ்ச்சி எழுதிக் கொடுத்தியே" என்றாள், "நீ வந்து பேசவே இல்லன்னு நான் நெனச்சுட்டிருந்தேன்."

"வந்தேன் மேடம். நாலு தடவ வந்தேன்." அவன் குரலில் குறை எதுவும் இல்லை, ரயில் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னான். "ஃபேன் ஓடிட்டிருந்துச்சு. பை இருந்துச்சு."

வசுமதிக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. "நாந்தாம்பா தப்பு பண்ணேன்" என்றாள். எல்லாச் சக்கரமும் சரியாக உள்ள நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தான் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். "நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. உக்காரு. இப்பப் பேசு, அது என்ன நிகழ்ச்சி?"

அவன் கூச்சத்தோடு உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான். "அதெல்லாம் மறந்தே போச்சு மேடம். அப்ப எத்தனையோ எழுதுவேன். ஏதோ ஊர் ஊராப் போறதுன்னு வரும். சத்தியமா ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு" என்றாள் வசுமதி. "நாலு பக்கம். நீல இங்க். ஒரு ஊர்ல பெரியவங்க வருஷக் கணக்கா தீக்க முடியாம இழுத்துட்டுக் கெடக்குற ஒரு தகராற எடுத்துக்கணும், அந்த ஊர்ப் பிள்ளைங்க பத்துப் பேர உக்கார வச்சு, நீங்க தீத்து வைங்கடான்னு விட்டுடணும். கேமரா சும்மா ஓடணும், நாம நடுவுல வாயத் தொறக்கக் கூடாதுன்னு அடிக்கோடு போட்டிருந்த. மொத ஊரு சோளிங்கர் பக்கம், ஒரு கொளத்துல யார் மொதல்ல தண்ணி எடுக்குறதுங்கிற தகராறு." சொல்லச் சொல்ல அவளுக்கு மூன்றாவது பக்கமும் வந்தது, அதில் ஒரு இடத்தில் மை கொட்டியிருந்ததுகூட வந்தது. இளம்பரிதி நாற்காலியை அவள் பக்கமாக உருட்டிக்கொண்டு, யாரோ எழுதிய கதையைக் கேட்பதுபோல, "அப்புறம் மேடம்?" என்றான்.